ரைசன் 5600, பி450 போர்டு: ராத்திரி சேவ் செய்த ஓவர்கிளாக் காலையில் காணவில்லை

நடுநிசி எடிட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். பயாஸில் (மெஷினை எழுப்புகிற, போர்டிலேயே இருக்கிற மென்பொருள்) நான் போடுகிற ஓவர்கிளாக் செட்டிங், அதாவது ரேமையும் பிராசசரையும் வழக்கத்தைவிட வேகமாக ஓட்டுகிற செட்டிங், ஒரு ராத்திரி தாண்டி நிற்க மாட்டேன் என்கிறது. எங்கே தேடினாலும் போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரியை மாற்று என்பதைத் தவிர வேறு பதிலே கிடைக்கவில்லை, அதை மாற்றியும் ஆயிற்று, பலன் இல்லை.

மெஷின் விவரம்: ரைசன் 5 5600, பி450 சிப்செட் மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்4 3600 ரேம், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ், விண்டோஸ் 11. போர்டு எந்தக் கம்பெனி என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அந்தக் கம்பெனியே அப்படித்தான், வேறு வாங்கு என்று பத்துப் பேர் வருவார்கள், விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேம் ஸ்டிக்கிலேயே எழுதிவைத்திருக்கிற வேக செட்டிங்) ஆன் செய்து ரேமை 3600க்குக் கொண்டுவந்து, பிபிஓ என்கிற பிராசசர் ஓவர்கிளாக் மெனுவில் கர்வ் ஆப்டிமைசரை (கோர்களுக்குப் போகிற வோல்டேஜைக் குறைப்பது) மைனஸ் 20 என்று வைத்து, எஃப்10 அடித்து சேவ் செய்து வெளியே வருகிறேன். விண்டோஸில் எல்லாம் சரியாக இருக்கிறது, டாஸ்க் மேனேஜர் 3600 காட்டுகிறது. நாள் முழுக்க கல்யாண வீடியோ ரெண்டர் ஓடினாலும் ஹேங் ஆவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தாலும் செட்டிங் அப்படியே இருக்கிறது. ராத்திரி ஷட்டௌன் செய்து, சுவிட்ச் போர்டிலும் அணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் வேறு கதை. பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றும், ஒரு சில நொடியில் எல்லாம் அணைந்துவிடும், தானாகவே மறுபடி சுற்றும், மறுபடி அணையும், இப்படிக் கொஞ்ச நேரம் தத்தளித்துவிட்டுக் கடைசியில் எஃப்1 அழுத்தி செட்டப்புக்குப் போ என்று ஒரு கறுப்புத் திரை வரும். அதைத் தாண்டி விண்டோஸுக்குள் போனால் ரேம் 2133. தினமும் நடப்பதில்லை, ஆனால் நடக்கிற நாள்தான் அதிகம்.

கடையில் கேட்டதற்குப் பேட்டரி என்றார்கள், மாற்றினேன். அப்புறம் பயாஸ் பழசு என்றார்கள், அதையும் புதுப்பித்தேன். இப்போது போர்டே போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். பகல் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற போர்டு எப்படிப் போயிருக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

கரிசல் மண்:

புதுப் பேட்டரி என்று போட்டுக்கொடுத்ததை அப்படியே நம்ப வேண்டாம். முதலில் அதைக் கழற்றி முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சிஆர்2032 இருக்க வேண்டும். சிஆர்2025 என்று ஒன்று உண்டு, அதுவும் 3 வோல்ட்தான், அதே 20 மில்லிமீட்டர் வட்டம்தான், ஆனால் தடிமன் 3.2க்குப் பதில் 2.5 மில்லிமீட்டர். ஹோல்டரில் போட்டால் உட்கார்ந்துவிடும், ஆனால் அடியில் இருக்கிற கம்பி சரியாகத் தொடாது. பல கடைகளில் இரண்டையும் ஒரே டப்பாவில்தான் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் வோல்டேஜ். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, மெஷினை சுவிட்சிலும் அணைத்துவிட்டு, சிவப்பு முனையைப் பேட்டரி மேலே, கறுப்பு முனையை போர்டை கேபினெட்டோடு பிணைத்திருக்கும் ஏதாவது ஒரு ஸ்குரூ மேலே வையுங்கள். 3 வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் நல்லது. 2.8க்குக் கீழே என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சுவிட்ச் போர்டில் அணைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அது முக்கியம். சுவரில் மின்சாரம் இருக்கிற வரை, பிசி ஷட்டௌனில் இருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வந்துகொண்டிருக்கும், பேட்டரிக்கு வேலையே இருக்காது. சுவரில் அணைத்த நொடியிலிருந்துதான் பேட்டரி சுமக்க ஆரம்பிக்கும். நம் ஊரில் எல்லாரும் படுக்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிடுவதால் செத்துப்போன பேட்டரி காலையில்தான் மாட்டிக்கொள்ளும். ஒரு ராத்திரி சுவரில் அணைக்காமல் விட்டுப் பாருங்கள். காலையில் செட்டிங் இருந்தால் பேட்டரியோ ஹோல்டரோதான் காரணம்.

சால்டர் வாசம்:

கரிசல் சொன்ன சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: செட்டிங் அழிந்துபோகிறதா, இல்லை பத்திரமாகவே இருந்தும் போர்டு அதை ஒதுக்கிவிட்டு பூட் ஆகிறதா? வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும், மருந்து மட்டும் வேறு வேறு. பேட்டரி முதல் வகைக்குத்தான். ஃபேன் சுற்றி நின்று சுற்றி நின்று என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவது வகை என்றுதான் படுகிறது, இருந்தாலும் உறுதி செய்துகொள்வோம்.

அடுத்த முறை அந்தக் கறுப்புத் திரை வரும்போது விண்டோஸுக்குள் போகாதீர்கள். நேராக பயாஸுக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். விண்டோஸில் பார்த்தால் பிரயோஜனம் இல்லை, இன்டர்நெட் கிடைத்ததும் அது தானே நேரத்தைத் திருத்திக்கொண்டுவிடும், பயாஸில் கடிகாரம் செத்துக் கிடந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. தேதி பல வருஷம் பின்னால் போய் ஜனவரி 1 என்று நின்றால் பேட்டரி பக்கம் கோளாறு. நேரம் சரியாக இருந்தால் பேட்டரியை மறந்துவிடலாம். (லினக்ஸும் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நேரம் மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளியிருந்தால் அது பேட்டரி இல்லை. லினக்ஸ் போர்டுக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் நம் நேரத்தை வைக்கும், அந்தச் சண்டை அது.)

அதோடு, நீங்கள் மாற்றி வைத்த மற்ற செட்டிங்குகள் என்ன ஆயின என்றும் பாருங்கள். ஃபேன் வேகம், பூட் ஆர்டர், இப்படி ரேமுக்கும் பிராசசருக்கும் சம்பந்தமில்லாத ஏதாவது. அவையும் போயிருந்தால் அழிந்துவிட்டது என்று அர்த்தம். அவை இருந்து ரேம் வேகம் மட்டும் போயிருந்தால் போர்டுதான் வேண்டுமென்று இறக்கியிருக்கிறது.

இன்னொன்று. 32 ஜிபி என்றீர்களே, இரண்டு ஸ்டிக்கா நான்கா? இரண்டென்றால் எந்த ஸ்லாட்டில்?

நடுநிசி எடிட்டர்:

பார்த்துவிட்டேன். பேட்டரி சிஆர்2032தான், மீட்டரில் 3.1 காட்டுகிறது. இன்று காலையும் அதே கூத்து, பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன், தேதி நேரம் எல்லாம் நிமிஷத் துல்லியமாகச் சரி. ஃபேன் செட்டிங் நான் வைத்தபடியே இருக்கிறது, பூட் ஆர்டரும் மாறவில்லை.

ஒரு வினோதம். மெமரி பக்கத்தில் எக்ஸ்எம்பி இன்னும் ஆனில்தான் இருக்கிறது, அதற்கு எதிரே 3600 என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் மேலே மூலையில் இப்போது ஓடுகிற வேகம் என்று 2133 காட்டுகிறது. எதையும் தொடாமல் எஃப்10 அடித்து வெளியே வந்தேன், 3600 வந்துவிட்டது!

ஸ்டிக் நான்கு, எல்லாம் 8 ஜிபி. முதலில் இரண்டுதான் இருந்தது, 16 ஜிபி. 4கே ஃபுட்டேஜ் வர ஆரம்பித்ததும் போதவில்லை, அதே கம்பெனியில் அதே மாடல் நம்பரில் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டேன். தொல்லை ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான் என்று இப்போது யோசித்தால் தோன்றுகிறது, ஆனால் உடனே ஆரம்பிக்கவில்லை, கொஞ்ச நாள் கழித்துத்தான்.

சால்டர் வாசம்:

அப்படியென்றால் உங்கள் போர்டு ஒன்றையும் மறக்கவில்லை. செட்டிங் சேவ் ஆகியிருக்கிறது, அதை வைத்து பூட் செய்யப் பார்த்திருக்கிறது, முடியவில்லை, பத்திரமான வேகத்துக்கு இறங்கி உங்களை உள்ளே விட்டிருக்கிறது. தொடாமல் எஃப்10 அடித்ததும் 3600 வந்ததே, இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

எல்லாரும் பேட்டரி என்று சொல்வதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1984ல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் செட்டிங் எல்லாம் மோட்டரோலாவின் ஒரு கடிகாரச் சிப்புக்குள்தான் இருந்தது. மொத்தமே 64 பைட், அதில் 14 கடிகாரத்துக்கு, மிச்சம் 50 பைட்டில்தான் எல்லா செட்டிங்கும். பேட்டரி போனால் எல்லாம் போகும். இப்போது யுஇஎஃப்ஐ (இன்றைய பயாஸ்) செட்டிங்கில் பெரும்பகுதி பயாஸ் இருக்கிற அதே ஃபிளாஷ் சிப்பிலேயே எழுதப்படுகிறது, அதற்கு மின்சாரமே தேவையில்லை. பேட்டரியைக் கழற்றினால் பல போர்டுகளில் செட்டிங் ரீசெட் ஆவது உண்மைதான், ஆனால் அப்போது கடிகாரமும் சேர்ந்தே போகும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

இனி அந்த ஃபேன் தத்தளிப்பு. பட்டனை அழுத்தியதும் பிராசசரில் இருக்கிற மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு ஸ்டிக்கோடும் பேசிப் பார்த்து, சிக்னல் எந்த நொடித்துணுக்கில் வந்து சேருகிறது, எந்த மின்தடையில் சுத்தமாக இருக்கிறது என்று அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். மெமரி டிரெய்னிங் என்பது இதுதான். இது தேறாவிட்டால் போர்டு தானே அணைத்து மறுபடி முயற்சி செய்யும். சில தடவை பார்த்தும் தேறாவிட்டால் ஓவர்கிளாக் தோல்வி என்று முடிவு கட்டிவிட்டு ஸ்டிக்கின் அடிப்படை வேகத்துக்குப் போகும், உங்களுக்கு அது 2133. கர்வ் ஆப்டிமைசரையும் அதோடு ஒதுக்கிவைத்திருக்கும்.

ரீஸ்டார்ட்டில் ஏன் வருவதில்லை என்றால், நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். ராத்திரி முழுக்க சுவரில் அணைந்து குளிர்ந்து கிடந்த போர்டும், அரை மணி நேரம் ரெண்டர் ஓடிச் சூடான போர்டும் சிக்னலுக்கு ஒன்று அல்ல. நடுவில் வசதியாக ஓடுகிற அமைப்புக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை, விளிம்பில் நிற்பதற்கு ஒரு நாள் தேறும், ஒரு நாள் தேறாது. தினமும் நடப்பதில்லை என்று நீங்கள் எழுதியதற்கும் இதுதான் காரணம்.

விளிம்புக்கு எப்படிப் போனீர்கள்? நான்கு ஸ்டிக். ரைசன் 5000 டெஸ்க்டாப் வரிசைக்கு ஏஎம்டியே கொடுக்கிற உச்ச வேகம், இரண்டு ஸ்டிக் போட்டால் 3200, சிங்கிள் ரேங்க் (சிப்புகள் ஒரே தொகுதியாக இருக்கிற) ஸ்டிக் நான்கு போட்டால் 2933, டூயல் ரேங்க் (இரண்டு தொகுதி) நான்கு என்றால் 2667. அதற்கு மேலே போவதெல்லாம் ஓவர்கிளாக், எக்ஸ்எம்பி உட்பட. ரேம் பெட்டியில் 3600 என்று போட்டிருப்பது அந்த ஸ்டிக்கின் தகுதிதான், உங்கள் பிராசசரும் போர்டும் கொடுத்த வாக்கு இல்லை. அதுவும் அந்த வாக்கு பெட்டியில் இருக்கிற ஜோடிக்குத்தான், இரண்டு பெட்டியைச் சேர்த்து நான்காகப் போட்டால் அது செல்லாது. ஒரே மாடல் நம்பர் என்றாலும் வேறு வேறு சமயத்தில் வாங்கியவற்றுக்குள் வேறு கம்பெனிச் சிப் இருப்பது சகஜம்.

செய்ய வேண்டியது. முதலில் கர்வ் ஆப்டிமைசரை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இரண்டை ஒன்றாக வைத்துக்கொண்டு எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு முதலில் வாங்கிய ஜோடியை மட்டும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டு எக்ஸ்எம்பி 3600ல் சில நாள் ஓட்டுங்கள், ராத்திரி சுவரிலும் அணையுங்கள். அது நின்றால் போர்டு நல்ல போர்டு, கடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

அப்புறம் நான்கையும் போட்டு, எக்ஸ்எம்பியை ஆனில் வைத்துக்கொண்டே வேகத்தை மட்டும் கையால் 3200 ஆக்குங்கள். எஃப்சிஎல்கே (பிராசசரின் உள் இணைப்பு ஓடுகிற வேகம்) என்று ஒன்று இருக்கும், அது ஆட்டோவிலோ 1600லோ இருக்க வேண்டும். 3600க்காக 1800 என்று கையால் போட்டிருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள், ரேமும் அதுவும் ஒத்துப்போகாமல் இன்னும் மெதுவாகிவிடும். ரேம் வோல்டேஜ் 1.35 வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், சில போர்டுகளில் வேகத்தைக் கையால் மாற்றியதும் அது 1.2க்கு இறங்கிவிடுகிறது. எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் பக்கம் போவது) 1.1 போதும். கியர் டவுன் மோட் (ரேமுக்குக் கட்டளை போகிற வேகத்தைத் தளர்த்துவது) எனேபிளில் இருக்கட்டும். 3200ம் நிற்காவிட்டால் 3000, 2933 என்று இறங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. எப்போதாவது சிமாஸ் கிளியர் (பயாஸ் செட்டிங் முழுவதையும் அழிப்பது) செய்வதென்றால், அதற்கு முன்னால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11ல் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆனில் இருக்கலாம், கிளியர் செய்ததும் 48 இலக்கக் கீயைக் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடும்.

ஓசி பைத்தியம்:

ப்ரோ இதெல்லாம் ரொம்ப பயமுறுத்தல். என்னிடம் பி550ல் நான்கு ஸ்டிக் 3600ல் ரொம்ப நாளாக ஓடுகிறது, ஒரு தடவைகூட இறங்கியதில்லை. வோல்டேஜை 1.4 வைத்து அடியுங்கள், நிற்கும். 3200க்கு இறங்கினால் காசு கொடுத்து 3600 எதற்கு வாங்கினீர்கள்?

சால்டர் வாசம்:

உங்களுக்கு ஓடுகிறது, சந்தோஷம். உங்கள் பிராசசரின் மெமரி கன்ட்ரோலர் நல்லதாக வாய்த்திருக்கிறது, போர்டும் வேறு. அவருக்கு அது வாய்க்கவில்லை என்பது அவர் எழுதியதிலேயே தெரிகிறது. 1.4 வோல்ட் வைத்தால் ரேம் செத்துவிடாது, அதைப் பற்றி நான் பயப்படவில்லை. டிரெய்னிங் தேறுவதும் ரேம் பிழை இல்லாமல் ஓடுவதும் ஒன்று இல்லை, அதுதான் கவலை. வோல்டேஜை ஏற்றித் தட்டுத்தடுமாறி பூட் ஆகிவிட்டால் கறுப்புத் திரை நின்றுவிடும், பிழை உள்ளே இருக்கும். விளையாடுகிறவருக்கு கேம் ஒரு தடவை மூடிக்கொண்டால் போயிற்று. இவர் கேமராக் கார்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை காப்பி செய்துவிட்டு கார்டை ஃபார்மட் செய்கிறவர். ரேமில் ஒரு பிட் புரண்டு அது டிஸ்க்கில் எழுதப்பட்டால், தாலி கட்டுகிற இடத்தில் ஃபுட்டேஜ் கிழிந்து நிற்கும், மறுபடி எடுக்க முடியுமா?

3600க்கும் 3200க்கும் ரெண்டரில் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 16 ஜிபி நிரம்பி டிஸ்க்கில் ஸ்வாப் ஆக ஆரம்பித்தால் கடிகாரமே வேண்டாம். அவருக்கு வேண்டியது கொள்ளளவு.

மஞ்சள் மண்டி:

சால்டர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சில போர்டுகள் பாதியில் நின்ற பூட்டையும் ஓவர்கிளாக் தோல்வி என்றே கணக்கு வைத்துக்கொள்ளும். பட்டனை அழுத்தி லோகோ வருவதற்குள் கரண்ட் போய் வந்தாலோ, பொறுமை இல்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலோ, அடுத்த பூட்டில் இதே எஃப்1 திரை வரும். எங்கள் பக்கம் காலையில் கரண்ட் விளையாடுகிற நேரம் ஒன்று உண்டு, அப்போது ஆன் செய்தால் எனக்கு இது நடக்கும், யுபிஎஸ் போட்டதும் நின்றுவிட்டது. தளர்ந்துபோன எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதைச் செய்யும். இவர் கேஸ் அது இல்லை என்றுதான் தோன்றுகிறது, இருந்தாலும் ஃபேன் தானாக நிற்கிறதா, மின்சாரம் வெட்டி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதே சாக்கெட்டில் மானிட்டர் இருந்தால் அதன் லைட்டைப் பாருங்கள், அதுவும் சேர்ந்து அணைந்தால் கரண்ட்.

பென்குயின் தாசன்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், தனித் திரி போடலாமா என்று தெரியவில்லை. எனக்கு இதிலேயே வேறு வகை. நான் எதை மாற்றினாலும் எஃப்10 அடித்து ரீஸ்டார்ட் ஆகி உள்ளே போய்ப் பார்த்தால் பழையபடியே இருக்கிறது. ரேம் மட்டுமில்லை, பூட் ஆர்டரைக்கூட மாற்ற முடியவில்லை. கடிகாரம் சரியாக இருக்கிறது. ஃபேன் நின்று சுற்றுவது எதுவும் இல்லை. ராத்திரி வரை காத்திருக்கவே வேண்டாம், அந்த நொடியிலேயே சேவ் ஆவதில்லை. போர்டு பி450, உபுண்டுவும் விண்டோஸும் இரண்டும் இருக்கிறது.

சால்டர் வாசம்:

உங்களுடையதுதான் உண்மையிலேயே சேவ் ஆகாத கேஸ். முதலில் சுலபமானது. சிமாஸ் கிளியர் செய்கிற பின்கள் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்று பின் இருந்து அதில் சின்ன பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருந்தால், அது எந்த இரண்டு பின்னில் உட்கார்ந்திருக்கிறது என்று போர்டு மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், யாராவது கிளியர் பக்கம் மாற்றி விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அப்படியிருந்தால் கடிகாரமும் தப்பியிருக்காது, அதனால் உங்களுக்கு இது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு சந்தேகம் என்விரேம் நிரம்பியிருக்கிறது என்று. என்விரேம் என்பது ஃபிளாஷ் சிப்பில் செட்டிங்குக்கு என்று ஒதுக்கிய இடம், அது மிகச் சின்னது. பி450 போர்டுகள் பலவற்றில் மொத்தச் சிப்பே 16 எம்பிதான், அதில் இடம் போதாது என்பதைக் காரணம் காட்டித்தான் 2020 மே மாதத்தில் ஏஎம்டி முதலில் இந்தச் சிப்செட்டுக்கு ரைசன் 5000 கிடையாது என்றது, ஜனங்கள் கத்திய பிறகு இறங்கி வந்தது. அந்தச் சின்ன இடத்தில் பூட் என்ட்ரிகளும், செக்யூர் பூட் சாவிகளும், சில சமயம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கிராஷ் ஆகும்போது எழுதிவைக்கிற குறிப்புகளும் சேர்ந்துகொள்ளும். நிரம்பிவிட்டால் பயாஸ் எழுதப் பார்த்துவிட்டு, எழுத முடியவில்லை என்று உங்களிடம் சொல்லாமலேயே ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் (efibootmgr) கட்டளையால் ஒரு புது பூட் என்ட்ரி போட்டுப் பாருங்கள். டிவைஸில் இடமில்லை என்று பிழை வந்தால் இதுதான். இஎஃப்ஐ வேரியபிள் ஃபோல்டருக்குள் டம்ப் (dump) என்று தொடங்குகிற ஃபைல்கள் இருந்தால் அவை கெர்னல் விட்டுச்சென்றவை, அவற்றை மட்டும் நீக்கலாம். மற்றதில் கை வைக்காதீர்கள், அந்த ஃபோல்டரில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்து போர்டே எழும்பாமல் போனவர்கள் உண்டு. அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் பயாஸை அதே வெர்ஷனாக இருந்தாலும் மறுபடி ஃபிளாஷ் செய்யுங்கள், பல போர்டுகளில் அந்த இடம் அதில் சுத்தமாகிவிடும். யுபிஎஸ் இல்லாமல் செய்ய வேண்டாம்.

அதுவும் பலிக்காவிட்டால்தான் சிப்பே எழுத மறுக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சிஎச்341ஏ புரோகிராமரும் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவுகிற சின்னக் கருவி) கிளிப்பும் வைத்துச் சிப்பை நேரடியாகப் படித்துப் பார்க்கலாம். விலை குறைவு என்று கறுப்பு நிறப் புரோகிராமரை வாங்கி அப்படியே மாட்டாதீர்கள், அதில் பலவற்றில் டேட்டா கம்பியில் 5 வோல்ட் வருகிறது. சிப் 3.3 வோல்ட், சில போர்டுகளில் 1.8.

மேற்கொண்டு கேட்பதென்றால் தனித் திரி போடுங்கள், இங்கே இரண்டும் கலந்துவிடும்.

நடுநிசி எடிட்டர்:

சொன்னபடியே செய்தேன். பழைய ஜோடியை மட்டும் இரண்டிலும் நான்கிலும் போட்டு 3600ல் ஓட்டினேன், ஒரு காலைகூட எஃப்1 திரை வரவில்லை, ஃபேனும் ஒரே தடவையில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. புது ஜோடியை மட்டும் போட்டும் பார்த்தேன், அதுவும் நிற்கிறது. நான்கையும் சேர்த்தால் மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டது. மானிட்டர் லைட் அணையவில்லை, அதனால் கரண்ட் இல்லை.

இப்போது நான்கும் 3200ல் இருக்கிறது. வோல்டேஜ் விஷயம் நல்லவேளை சொன்னீர்கள், வேகத்தை மாற்றியதும் நிஜமாகவே 1.2 ஆகியிருந்தது, கையால் 1.35 போட்டேன். அதன் பிறகு காலையில் தொல்லை இல்லை. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ராத்திரி விட்டேன், இலவசப் பதிப்பு விடுகிற நான்கு சுற்றும் பிழை இல்லாமல் முடிந்திருந்தது. ஆர்வத்தில் ஸ்டிக்குகளை மாற்றிப்போடும்போது ஸ்டிக்கரைப் பார்த்தேன், மாடல் நம்பர் ஒன்று, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிற வெர்ஷன் நம்பர் பழைய ஜோடிக்கு ஒன்று, புது ஜோடிக்கு வேறு.

ஒரே ஒரு சந்தேகம். மெஷின் விவரம் காட்டுகிற சிபியு-இசட் மென்பொருளில் மெமரி 1600 என்று காட்டுகிறது. பாதியாகிவிட்டதா? கர்வ் ஆப்டிமைசரை இனி மறுபடி போடலாமா?

கரிசல் மண்:

1600 சரிதான். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா அனுப்பும், சிபியு-இசட் துடிப்பைக் காட்டுகிறது, டாஸ்க் மேனேஜர் இரட்டித்துக் காட்டுகிறது. இதைப் பார்த்துப் பயந்து ரேமைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

சால்டர் வாசம்:

கர்வ் ஆப்டிமைசர் போடலாம், ஆனால் எல்லா கோருக்கும் ஒரேயடியாக மைனஸ் 20 வேண்டாம். மைனஸ் 10ல் ஆரம்பித்து ஒரு வாரம் விட்டு ஏற்றுங்கள். அது அதிகமானால் ரெண்டரில் தெரியாது, சும்மா இருக்கும்போது, பிரவுசரைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். பிபிஓ மெனு உங்கள் போர்டில் இரண்டு இடத்தில் இருக்கலாம், ஓவர்கிளாக் பக்கத்தில் ஒன்று, ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்று உள்ளே ஒன்று. ஒன்றில் மட்டும் போடுங்கள், மற்றது ஆட்டோவில் இருக்கட்டும்.

இப்போது ஓடுகிற செட்டிங்கைப் பென்டிரைவில் புரொஃபைலாகச் சேவ் செய்துகொள்ளுங்கள், அதோடு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸ் புதுப்பித்தால் செட்டிங் எல்லாம் போய்விடும், பழைய புரொஃபைலைப் புது வெர்ஷன் பெரும்பாலும் ஏற்காது, அப்போது போட்டோவைப் பார்த்துத்தான் கையால் போட வேண்டியிருக்கும். ரேம் வோல்டேஜ் 1.35ஐ முதலில் போடுங்கள்.